மனுப்போட்டு வாங்கிய ரயில்

ரயிலுக்காக மனு எழுதுவதில் எனக்குக் கைராசி உண்டு என்று ஒரு காலத்தில் எங்கள் பெட்டியில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கைராசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது செங்கல்பட்டில் குடியிருந்தேன். வேலை ஒரகடம் ரோட்டில், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற ஒரு கம்பெனியில். வெல்டிங் லைன் ஒன்றுக்கு நான் லைன் லீடர். முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. செங்கல்பட்டுக்கும் மறைமலை நகருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் ரோடு பிரிகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே இறங்கி, தண்டவாளத்துக்கு மேற்கே நிற்கிற ஷேர் ஆட்டோவில் ஏறினால் இருபது நிமிடத்தில் கம்பெனி வாசல். ஆனால் வண்டி அந்த ஸ்டேஷனுக்கு வருவதே ஐந்து நாற்பதுக்கு. ஆட்டோ நிரம்ப வேண்டும், ஆட்டோக்காரர் டீயைக் குடித்து முடிக்க வேண்டும், அப்புறம்தான் கிளம்பும். இந்த நேரத்தைப் போட்ட மகானுபாவர் தன் ஆயுளில் ஆறு மணி ஷிப்ட் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்.

இத்தனைக்கும் அந்த ரோட்டில் மாதம் ஒரு கம்பெனி முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. நேற்று ஏரிக்கரையாக இருந்த இடத்தில் இன்றைக்கு காம்பவுண்டு சுவர், நாளைக்கு செக்யூரிட்டி கூண்டு. ரோட்டை அகலப்படுத்தினார்கள், நடுவில் அரளிச்செடி வைத்தார்கள், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு ஓட்டல் கட்டினார்கள். ரயில் மட்டும் நெல் விளைந்த காலத்து நேரத்திலேயே வந்து போய்க்கொண்டிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்த்த என் மைத்துனரிடம் இதைச் சொல்லிப் புலம்பினால், "உங்களுக்காவது லேட்டா வர்றதுக்கு ஒரு ரயில் இருக்கு. எங்க கம்பெனி பக்கம் தண்டவாளமே கிடையாது" என்பார். அதற்கு மேல் புலம்ப முடியாது.

எங்கள் கம்பெனியில் அட்டையைத் தேய்த்து உள்ளே போகிற மெஷின் இருந்தது. ஆறு மணி தாண்டினால் மாதக் கடைசி ரிப்போர்ட்டில் அந்த நாள் சிவப்பு எழுத்தில் வரும். அதனால் தாமதத்துக்கே எங்களிடம் 'சிவப்பு' என்று பெயர். "எத்தனை சிவப்பு உனக்கு?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். பெர்மனென்ட் ஆட்களுக்கு சிவப்பு என்றால் ஒரு திட்டு, மிஞ்சிப்போனால் அரை நாள் லீவு. டிரெய்னிகளுக்கு அப்படி இல்லை. இரண்டு வருடப் பயிற்சியின் கடைசி ஆறு மாதத்தில் பத்து சிவப்புக்கு மேல் விழுந்தால் பெர்மனென்ட் பைல் மேலே போகாது. வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சரி, போகாது.

இதில் இன்னொரு வழக்கமும் உண்டு. கம்பெனி பஸ்ஸில் வருகிறவன் எத்தனை மணிக்கு வந்தாலும் சிவப்பு விழாது. டிரைவர் ஒரு சீட்டில் நேரத்தை எழுதிக் கொடுத்துவிடுவார், பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் தப்பித்தார்கள். ஆனால் அந்த பஸ் பெர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும், அதுவும் மறைமலை நகர் பக்கமிருந்து மட்டும். செங்கல்பட்டு ஆட்களுக்கு ரயில். டிரெய்னிகளுக்கு அவரவர் பாடு.

ஆகவே மனு. ஐந்து நாற்பது வண்டியைக் கால்மணி நேரம் முன்னால் தள்ளுங்கள் என்பதைத்தான் இரண்டு வருடம் விதவிதமாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் 'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு கடிதம் வரும். வெறும் எழுத்துக்கு மதிப்பில்லை, கையெழுத்து வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி வாங்கினேன். அது போதாதென்று கம்பெனியிலும் டீ நேரத்தில் தாளை நீட்டினேன். லைன் லீடர் தாளை நீட்டினால் யார் மாட்டேன் என்பான்? டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்கள்.

ஊதுகிற சங்கை ஊதி வைப்போம் என்றுதான் செய்தேன். விடிந்தே விட்டது. அடுத்த கால அட்டவணையில் எங்கள் வண்டி ஐந்து இருபத்தைந்துக்கு வந்தது. முதல் நாள் பெட்டியில் லட்டு கொடுத்தார்கள். எதிர் சீட்டில் தினமும் உட்காரும் பெயிண்ட் கம்பெனிக்காரர் எனக்கு ஒரு சால்வையே போர்த்திவிட்டார். "இன்னா சார், சாதிச்சிட்டியே!" என்று கட்டிப் பிடித்தார். நானும் சால்வையோடே கம்பெனிக்குள் போனேன். அந்த அசட்டுத்தனத்தை இப்போது எழுதுவதற்கே கூசுகிறது.

என் லைனில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த டிரெய்னி ஒருவர் இருந்தார். இருபத்தாறு வயது, கல்யாணமானவர். வெல்டிங்கில் அவர் கை போட்ட இணைப்பைத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கிழக்கே ஆறு பேரோடு ஒரு ரூமில் இருந்தார், சைக்கிளில் வருவார். அவருடைய மனைவி ஊரில் பிரசவத்துக்குக் காத்திருந்தார். பெர்மனென்ட் ஆனவுடன் மனைவியையும் பிள்ளையையும் அழைத்து வந்துவிட வேண்டும் என்பதற்காக, ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் சமையலறையோடு ஒரு போர்ஷன்கூடப் பேசி வைத்திருந்தார். குழாய் உள்ளேயே இருக்கிறது என்பதை என்னிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பார்.

அவருடைய கடைசி ஆறு மாதம் தொடங்கிய சமயத்தில்தான் வண்டி நேரம் மாறியது. இரண்டும் ஒன்றாக வந்தது என் கெட்ட நேரம் என்று சொல்ல மாட்டேன். அவருடைய கெட்ட நேரம்.

முதல் மாதம் அவருக்கு மூன்று சிவப்பு. ஒன்றரை வருடமாக ஒரு சிவப்பு இல்லாத ஆள். கூப்பிட்டு என்ன என்று கேட்டேன். "கேட்டு போட்டுருதான் அண்ணே" என்றார். ஸ்டேஷனை ஒட்டி ஒரகடம் ரோட்டின் குறுக்கே ஒரு லெவல் கிராசிங் உண்டு, அந்த கேட்டைச் சொல்கிறார் என்று தெரிந்தது. கேட் என்ன, இன்றைக்கா வைத்தார்கள்? "கொஞ்சம் முன்னாடி கெளம்புங்க" என்றேன். இரண்டாம் மாதம் ஐந்து சிவப்பு. இந்தத் தடவை குரலை உயர்த்தினேன். நான் செங்கல்பட்டிலிருந்து வந்து ஐந்து ஐம்பதுக்கெல்லாம் லைனில் நிற்கிறேன், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு என்ன கேடு என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தார்.

மூன்றாம் மாதம், மைத்துனர் மகளுக்குக் காது குத்து. விசேஷம் முடிந்து இரவு மறைமலை நகரில் அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டு, மறுநாள் காலையில் டவுன் பஸ்ஸில் கிளம்பினேன். ஒரகடம் ரோடு திருப்பத்தில் இறங்கியபோது மணி ஐந்தேகால். அதாவது இரண்டு வருடம் ரயிலில் வந்த நான், அந்த கேட்டுக்குக் கிழக்கே அந்த நேரத்தில் நிற்பது அன்றுதான் முதல் தடவை.

கேட் போட்டிருந்தது. எனக்கு முன்னால் இரண்டு டிரெயிலர் லாரி, மூன்று கம்பெனி பஸ், எண்ண முடியாத பைக்குகள், சைக்கிள்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸும் அதில் நின்றது. உள்ளே எல்லோரும் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு காலைத் தரையில் ஊன்றி சைக்கிளில் உட்கார்ந்திருந்தார் எங்கள் தூத்துக்குடிக்காரர்.

"எப்ப வந்தீங்க?" என்றேன்.

"அஞ்சு மணிக்கெல்லாம் வந்துட்டேன் அண்ணே. முன்னெல்லாம் இந்நேரம் தொறந்து கெடக்கும். ஊர்லேந்து வார எக்ஸ்பிரஸ் ரெண்டு போவும், பொறவு ஒரு கால்மணி நேரம் ஒண்ணுங் கெடையாது. அதுலதான் நாங்க எல்லாம் போவோம். இப்ப அந்த இடைவெளியில ஒரு லோக்கல் வண்டி வருது. அதுக்குப் போட்டா, அடுத்த எக்ஸ்பிரஸும் பின்னாலயே வந்துருது. தொறக்கதுக்கு நேரமில்ல."

அவர் சொல்லி முடிக்கும்போது அந்த லோக்கல் வண்டி வந்தது. மூன்றாவது பெட்டியின் வாசலில் பெயிண்ட் கம்பெனிக்காரர் காற்று வாங்கிக்கொண்டு நின்றார். என்னை அடையாளம் கண்டு, சிரித்துக் கையை ஆட்டினார்.

நான் கையை ஆட்டவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது எனக்கு நல்ல லட்சணமான பிள்ளையாராகத்தான் அமைந்தது, குரங்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் தலையில் ஏறியது. அங்கே நின்றவர்களில் ஒருவரிடமும் அந்த மனுவை நான் காட்டியதில்லை. ரயிலில் வராதவனுக்கு ரயில் நேரத்தில் என்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

வண்டி போய் ஐந்து நிமிடமாகியும் கேட் எழும்பவில்லை. சுற்றி இருந்த சைக்கிள்காரர்கள் பொறுமையிழந்து, சைக்கிளைச் சாய்த்து, கம்பத்தின் அடியில் குனிந்து போகத் தொடங்கினார்கள். இவர் அசையவில்லை. எனக்கோ மண்டை கொதித்தது. அப்போது ஒரு வார்த்தை சொன்னேன், அதைச் சொன்ன வாயைத்தான் அடிக்க வேண்டும்.

"எல்லாரும் குனிஞ்சு போறாங்கல்ல? நீங்களும் போக வேண்டியதுதானே?"

"மாட்டேன் அண்ணே. எம் பொஞ்சாதியோட அண்ணன் இப்படித்தான் ஒருநாள் குனிஞ்சான், திரும்பி வரல. போவ மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துருக்கேன்."

ஐந்தே முக்காலுக்கு கேட் திறந்தது. திறந்தவுடன் இரண்டு பக்க லாரிகளும் ஒரே நேரத்தில் மூக்கை நுழைத்துச் சிக்கிக்கொண்டன. அன்றைக்கு அவருக்கு ஒன்பதாவது சிவப்பு. எனக்கு விழவில்லை. கம்பெனி பஸ்ஸில் யாரோ என்னைப் பார்த்துக் கதவைத் திறந்துவிட்டார்கள், நானும் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் பழைய மனுவின் ஜெராக்ஸைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை எதிர்மனு எழுத வேண்டும், அதில் பழைய மனு எண்களைக் குறிப்பிட வேண்டும். கையெழுத்துத் தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தால் இரண்டாவது தாளில் அவர் கையெழுத்து இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை போல முழுப் பெயரையும் எழுதி, கீழே ஒரு கோடு போட்டு, புள்ளி வைத்திருந்தார். மறுநாள் கேட்டேன், நீங்கள் ரயிலில் வருவதே இல்லையே, எதற்குப் போட்டீர்கள் என்று.

"நீங்க நீட்டுனீங்க. உங்களுக்கு ஒரு நல்லது நடந்தா சரின்னு போட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு மயிரிழை பயனும் இல்லை. முதலில் பெட்டியில் தாளை நீட்டினேன். ஐந்து நிமிடம், வெறும் ஐந்து நிமிடம் வண்டியை முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்போம், கேட் ஒரு தடவை திறந்து மூடும் என்றேன். சால்வை போர்த்திய அதே பெயிண்ட் கம்பெனிக்காரர் தாளைத் தொடக்கூட இல்லை.

"இன்னா சார் நீ! இப்பத்தான் நிம்மதியா வந்துகினு கீறோம். இன்னும் அஞ்சு நிமிஷம் முன்னாடின்னா எங்க வூட்ல யாரு சோறு கட்டுவாங்கோ? சைக்கிள்காரனுக்கு சைக்கிள்காரன் மனு போட்டுக்கட்டும்."

ஒரு கையெழுத்துகூட விழவில்லை. என் ஒற்றைக் கையெழுத்தோடு லீவு போட்டுவிட்டு நேரே ரயில் ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். உட்காரச் சொன்னார், பைலை எடுத்தார், என் மனுவையே என் முன்னால் விரித்தார்.

"இவ்வளவு பேர் கேட்டு மாத்தினது சார். நீங்கதான் முதல் கையெழுத்து. இப்ப நீங்க ஒருத்தரே வந்து மாத்துன்னா நான் என்னன்னு எழுதுறது? மேம்பாலம் வந்துட்டா கேட்டே இருக்காது. கொஞ்சம் பொறுங்க."

மேம்பாலம்! கேட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு தூண், அந்தப் பக்கம் இரண்டு தூண் நின்றன. நடுவில் தண்டவாளத்துக்கு மேலே வர வேண்டிய துண்டை யார் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தூண்களின் மேல் அரசமரம் முளைத்து, கிளை விட்டு, காக்கை கூடு கட்டியாயிற்று.

கடைசியாகக் கம்பெனியிலேயே பர்சனல் ஆபீசரிடம் போனேன். கேட் மூடியிருக்கிற அதே நிமிடத்தில் நம் பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது, பஸ்ஸுக்குக் கொடுக்கிற சீட்டைப் பக்கத்தில் நிற்கிற சைக்கிளுக்கும் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பஸ் லேட்னா பஸ் லேட். சைக்கிள் லேட்னா ஆள் லேட். சைக்கிளுக்கு டிரைவர் யாரு? அவர்தானே?" இதை ஒரு தமாஷாக அவர் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்பிச் சொன்னார்.

இதற்குள் தூத்துக்குடிக்காரர், எக்ஸ்பிரஸ்களுக்கு முன்பே கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று நாலரை மணிக்கே கிளம்பத் தொடங்கிவிட்டார். ஐந்து மணிக்குக் கம்பெனி வாசலுக்கு வந்து, செக்யூரிட்டி கூண்டின் படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அதற்கப்புறம் ஒரு சிவப்பு விழவில்லை. ஆனால் அதற்குள் பன்னிரண்டு விழுந்திருந்தது. பைலுக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டு என்கிற எண்தான். அவருடைய மதிப்பீட்டுப் படிவத்தில் வேலைத்தரம், ஒழுக்கம், ஒத்துழைப்பு என்று இருந்த எல்லாக் கட்டத்திலும் நான் முழு மதிப்பெண் போட்டேன். 'நேரந்தவறாமை' என்ற கட்டத்தை மட்டும் நான் நிரப்ப வேண்டாம், மெஷினே நிரப்பிவிடும் என்றார்கள்.

பயிற்சி முடிந்தது, நன்றி என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதற்குள் அவருக்குப் பெண் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேறு கம்பெனியில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன், உண்மையிலேயே இரண்டு இடத்தில் சொல்லியும் வைத்தேன். அவர் வேண்டாம் என்றார். "மறுபடி மொதல்லேந்து டிரெய்னின்னா முடியாது அண்ணே. இங்கனயே கெடந்தா பிள்ளைய போன்ல சத்தம் கேட்டே வளத்துருவேன் போலுக்கு. ஊர்ல என்ன கெடைக்கோ பாத்துக்கிடுதேன்." போர்ஷன்காரரிடம் போய், குடிவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அந்தக் குழாயைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பகலில் ஊருக்குப் போகிற வண்டியைத் தாம்பரத்தில் பிடிப்பதாகச் சொன்னார். அதற்கு எங்கள் ஐந்து இருபத்தைந்து வண்டிதான் வசதி. அன்றைக்கு நான் ஸ்டேஷனில் இறங்கவில்லை. அவர் ஒரு பையும், குழந்தைக்கு வாங்கிய கொசுவலைக் கூடாரமுமாக என் பெட்டியில் ஏறினார். இரண்டு வருடத்தில் அந்த வண்டியில் அவர் ஏறுவது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன், வாசலிலேயே நின்றார்.

வண்டி நகர்ந்து கேட்டைக் கடந்தது. கம்பத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள்கள், பைக்குகள், கம்பெனி பஸ். ஒருத்தன் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு, வண்டி போகட்டும் என்று குனிந்தபடி காத்திருந்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் பின்னால் போய்விட்டது. மிஞ்சிப்போனால் மூன்று நொடி.

அவர் தலையை வெளியே நீட்டி, கேட் மறைகிற வரைக்கும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே ஆச்சரியம்தான் முகத்தில் இருந்தது.

"இம்புட்டு நேரந்தானா அண்ணே?"

அவர் பையை வாங்கி மேலே வைத்தேன். தாம்பரத்தில் அவரை ஏற்றிவிட்டு, எதிர் வண்டி பிடித்து, ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குள் அட்டையைத் தேய்த்தபோது மணி ஒன்பதரை. அந்த மாத ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு இருந்தது. ஏன் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.